நண்டு வெளியே வரவில்லை

பதிமூன்று.

சின்ன மிஸ் மறுபடியும் எண்ணினாள். கயிற்றில் பதினான்கு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முதல் முடிச்சில் அணில், அடுத்து ஓணான், அடுத்து எறும்பு. எல்லார் கழுத்திலும் அவள் கையால் வரைந்த அட்டை நூலில் தொங்கியது. எறும்புக்கும் நத்தைக்கும் நடுவே ஒரு முடிச்சு மட்டும் பிடிக்க ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"நண்டு எங்க?"

"வீட்டுக்குள்ள மிஸ்," என்றாள் எறும்பு.

"பொந்துல ஒளியுற விளையாட்டுதான் முடிஞ்சிடுச்சே. எல்லாரும் வந்தாச்சுல்ல? அவ எங்கம்மா?"

எறும்பு உதட்டைப் பிதுக்கினாள். வரிசையின் வாலில் நின்ற தவளை மூக்கை உறிஞ்சினான். அவனுக்கு மூன்று நாளாகச் சளி.

சின்ன மிஸ் நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தின் பின்சுவர், சுவரை ஒட்டி உடைந்த செங்கல் குவியல், யாரோ வீடு கட்டிவிட்டு மிச்சம் வைத்துப்போன மணல், ஒரு முள்புதர், ஒரு மரம். அதற்கப்பால் கால்வாய். நாற்பது எட்டு வைத்தால் முடிந்துவிடும் நிலம். காலையில் பார்க்கும்போது கைக்கு அடக்கமாக, பாடம் நடத்தவே அளவெடுத்து வெட்டியது போல இருந்தது. இப்போது எங்கே பார்த்தாலும் ஒரு மறைவு, எங்கே பார்த்தாலும் ஒரு பள்ளம்.

கால்வாயில் தண்ணீர் அவளுக்கு முழங்கால் வரும். நண்டுக்கு இடுப்பு வரும். சேற்றில் கால் மாட்டினால் எவ்வளவு வரும் என்று அவள் கணக்குப் போடவில்லை. போடாமலே தெரிந்தது.

கரையில் ஆயாம்மாவை நிறுத்தியிருந்தாள். "இந்த இடத்தை விட்டு நகரக்கூடாது, யாரையும் தண்ணிகிட்ட விடக்கூடாது" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தாள். ஆயாம்மாவைக் காணவில்லை.

"ஆயாம்மா!"

சுவர்ப் பக்கமிருந்து பதில் வந்தது. "நத்தைக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சும்மா! கூட்டிட்டுப் போயிட்டு இப்பதான் விட்டேன். கை கழுவிட்டு வர்றேன்!"

சின்ன மிஸ் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அட்டையில் எழுதிய பெயர் அல்ல, வருகைப் பதிவில் இருக்கும் பெயர். முதல் தடவை டீச்சர் குரலில் கத்தினாள். இரண்டாவது தடவை அது யார் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை.

இத்தனைக்கும் இந்தப் பாடத்துக்காக அவள் ஒரு வாரம் சண்டை போட்டிருந்தாள். புத்தகத்தில் 'சிங்கம் குகையில் வாழும்' என்று இருந்தது. அந்த வகுப்பில் குகையைப் பார்த்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. பார்த்த டீச்சரும் கிடையாது. ஆனாலும் ஐந்து வயதுப் பிள்ளைகள் வருஷா வருஷம் குகைக்குப் பழுப்பு வர்ணம் அடித்துத் தேர்ச்சி பெற்றுப் போய்க்கொண்டிருந்தன.

"வெளியில எல்லாம் வேண்டாம்," என்றாள் பெரிய மிஸ். பள்ளிக்கு முதலாளியும் தலைமை ஆசிரியையும் அவளே. "படத்தைக் காட்டி கலர் அடிக்க விடு. பத்து வருஷமா அப்படித்தான் நடக்குது."

"மேடம், நம்ம சுவருக்குப் பின்னாடியே பத்துப் பதினஞ்சு உயிர் குடியிருக்கு. எறும்புப் புத்து இருக்கு, குளவிக் கூடு இருக்கு, கரையில நண்டுப் பொந்து இருக்கு. கண்ணால பாக்கட்டுமே."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் பொறுப்பு மேடம்."

"படிச்ச பொண்ணு சொல்லுது. நமக்கென்ன தெரியும், வயசுதான் ஆச்சு," என்று பெரிய மிஸ் ஆயாம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். ஆயாம்மாவும் வேலைக்குப் பங்கம் வராத அளவுக்குச் சிரித்துவைத்தாள்.

சின்ன மிஸ் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவள் அவள் ஒருத்திதான். லாரியில் மூட்டை ஏற்றும் அவள் அப்பா, "எங்க பொண்ணு ஒரு வார்த்தை சொன்னா பிள்ளைங்க அப்படியே கேக்கும்" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்தப் பெருமையின் முதுகில் ஏறித்தான் அவளும் 'நான் பொறுப்பு' என்று சொன்னாள். அந்த வார்த்தை இப்போது மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பிள்ளைகளைச் செங்கல் குவியலோரம் வரிசையாக உட்கார வைத்தாள். ஓடிவந்த ஆயாம்மாவிடம், "கயித்தை விடாம பிடிச்சுக்கணும், ஒருத்தர் எழுந்தாலும் என்னைக் கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்போடு கால்வாய்க்குள் இறங்கினாள்.

தண்ணீர் கலங்கலாக இருந்தது. கண்ணால் தேட வழியில்லை. காலால்தான் தேட வேண்டும். ஒவ்வொரு அடியையும் மெதுவாக வைத்து, சேற்றைத் தடவி, அடுத்த அடி. ஏதாவது மிருதுவாகப் பட்டால் உயிர் போய்த் திரும்பியது. ஒரு தடவை சாக்கு. இன்னொரு தடவை ஊறிப்போன தலையணை. அதைக் கையால் தூக்கிப் பார்க்கும்வரை அவள் மூச்சு விடவில்லை. தூக்கிப் பார்த்துவிட்டு அந்தத் தலையணையை வாயில் வந்தபடி திட்டினாள்.

சத்தம் கேட்டு வாசல் காவலாளி வந்தார். வரும்போதே விசில் ஊதிக்கொண்டு வந்தார். நிலத்தைச் சுற்றி ஊதினார், முள்புதருக்குள் கம்பை விட்டு ஆட்டி ஊதினார். கரையில் ரோட்டு மழைநீர் வந்து விழும் சிமென்ட் குழாய் ஒன்று இருந்தது. அண்டா வாய் அகலம். அதற்குள் குனிந்து, டார்ச் அடித்து, "பாப்பா! ஏய் பாப்பா!" என்று கத்தினார். குழாய் அவர் குரலை நாலு மடங்காக்கித் திருப்பிக் கொடுத்தது.

"உள்ள யாருமில்லம்மா. கொஞ்ச தூரத்துல வளையுது. அதுக்குள்ள போயிருக்காது, ஒரே இருட்டு."

"நல்லாப் பாத்தீங்களா அண்ணே?"

"எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கும்மா," என்றார் அவர் கோபமாக.

பெரிய மிஸ் ஒரு கையில் கைப்பேசியும் இன்னொரு கையில் சாவிக்கொத்துமாக வந்தாள். கரையில் நின்றபடியே தண்ணீரில் நின்றவளைப் பார்த்தாள்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"பத்து இருக்கும் மேடம்."

"பதினாலு புள்ளையை மேய்க்கத் தெரியல, உனக்கு நத்தை வீடு, நண்டு வீடு! புள்ளையோட அம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். அவங்க வந்து கேட்டா நீயே பதில் சொல்லு." பிறகு அவளும் கத்த ஆரம்பித்தாள். அடுக்கு மொழியில் சபைக்கு வாழ்த்துச் சொல்லிப் பழகிய குரல் அது, கால்வாயின் மறுகரை வரை போனது.

நண்டின் அம்மா இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்க, தலையெல்லாம் நூல் பிசிறாக, செருப்பில்லாமல் ஓடிவந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கால்வாயைப் பார்த்தாள், தண்ணீரில் இறங்கி நின்ற சின்ன மிஸ்ஸைப் பார்த்தாள், அவ்வளவுதான். மகளின் பெயரைச் சொல்லி ஒரு கத்து கத்தினாள். வரிசையில் இருந்த பிள்ளைகள் இரண்டு பேர் அழத் தொடங்கிவிட்டார்கள்.

"குட்டிம்மா! அம்மா வந்துட்டேன்டா! எங்கடா இருக்க? அம்மாடா!"

ஐந்து பேரும் ஐந்து திசையில் கத்தினார்கள். விசில் நிற்கவே இல்லை. சின்ன மிஸ்ஸுக்குக் குரல் கட்டிவிட்டது. கரையேறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்போதுதான் யாரோ அவள் ஈரத் துப்பட்டாவை இழுத்தார்கள்.

எறும்பு. கயிற்றை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"மிஸ், கத்தினா அவ வரமாட்டா."

"போய் உக்காரு கண்ணு. இப்ப வேண்டாம்."

"நீங்கதான சொன்னீங்க."

"என்ன சொன்னேன்?"

எறும்பு விரலை ஆட்டி ஆட்டி, அப்படியே சின்ன மிஸ்ஸின் குரலில், அவளுடைய இழுப்போடும் நிறுத்தத்தோடும் ஒப்பித்தாள். "பெரிய மிருகம் வந்தா என்ன பண்ணும்? சத்தம் போடும். பேர் சொல்லிக் கூப்பிடும். அம்மா மாதிரிகூடக் குரல் மாத்திக் கூப்பிடும். வீட்டுக்குள்ள மூச்சு விடாம இருக்கணும். சத்தம் அதிகமானா இன்னும் உள்ள போகணும். வெளிய வந்தா லபக்!"

சின்ன மிஸ் எறும்பின் முன்னால் குந்தினாள்.

சொல்லியிருந்தாள். குறிப்பேட்டில் எழுதிவைத்த பாடத்தில் அது இல்லை. எழுதியிருந்தது, 'பொந்து பாதுகாப்புக்காக' என்ற ஒரே வரி. ஓணான்தான் காலையில் கேட்டான்: "மிஸ், தெரிஞ்சவங்க கூப்பிட்டா வரலாமா?" பிள்ளைகளின் கண்கள் அகலமாக விரிந்திருந்தன. கண் விரிவதைப் பார்த்துவிட்டால் எந்த டீச்சருக்கும் வாய் ஒரு முழம் நீளும். அவளுக்கு இரண்டு முழம் நீண்டது. அப்படி நீண்டதில் விழுந்த வார்த்தைகளை அவள் அந்த நிமிஷமே மறந்துவிட்டாள். பதினான்கு பேர் மறக்கவில்லை.

காவலாளி குழாய்க்குள் டார்ச் அடித்துக் கத்தியது ஞாபகம் வந்தது. இருட்டில் முட்டிபோட்டு, வெளிச்சம் வர வர உள்ளே உள்ளே தவழ்ந்துபோகும் ஒரு குழந்தை. சத்தம் அதிகமானால் இன்னும் உள்ளே. இருபத்தைந்து நிமிஷமாக எல்லாரும் சேர்ந்து அவளைத் துரத்திக்கொண்டிருக்கிறார்களா?

"எப்ப வெளிய வரணும்னு சொன்னேன்?" அவளுக்கு நிஜமாகவே ஞாபகமில்லை.

"தவளை கத்தினா!" என்றது வரிசை மொத்தமும். "பெரிய மிருகம் போயிட்டா அமைதியாயிடும். அப்புறம் தவளை கத்தும். அப்ப வரலாம்!"

தவளைக்குச் சளி. விளையாட்டில் அவன் கத்தியது அவனுக்கே கேட்டிருக்காது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுந்து வந்தார்கள், சின்ன மிஸ்ஸும் கைதட்டிக் கூட்டிவிட்டாள்.

அவள் ஓடிப்போய்க் காவலாளியின் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் வாயை மூடுங்க. உக்காருங்க. யாரும் கூப்பிடக்கூடாது."

"பைத்தியமா உனக்கு?" என்றாள் பெரிய மிஸ். "நான் போலீசுக்குச் சொல்லணும்னு நிக்கிறேன், நீ என்னை வாயை மூடுங்கற?"

"சத்தத்துக்குத்தான் மேடம் வரல. நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன். அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

அம்மா திரும்பினாள். "என் புள்ளையை நான் கூப்பிடக் கூடாதா?"

"அஞ்சு நிமிஷம்க்கா."

"அஞ்சு நிமிஷத்துல என்னென்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா? பெத்திருக்கியா நீ?"

சின்ன மிஸ்ஸுக்குத் தெரியும். குழாய் என்று அவள் நினைப்பது தப்பாக இருந்தால், இந்த ஐந்து நிமிஷம் தண்ணீரில் கிடக்கும் ஒரு பிள்ளையிடமிருந்து அவள் திருடியதாக இருக்கும். எறும்பு சொன்னதை நம்பியா? ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று ஒப்பித்ததை நம்பியா? ஆனால் நம்புவதற்கு வேறு எதுவும் அவளிடம் இல்லை.

"அக்கா," என்றாள். குரல் கரகரத்தது. "அரை மணி நேரம் ஆகப்போகுது. தண்ணியில விழுந்திருந்தா இந்நேரம்…"

முடிக்கத் தேவைப்படவில்லை. அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள், கன்னத்தில் அறையப் போகிறவள் மாதிரி. பிறகு நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். அளவு நாடாவின் நுனியைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

அம்மா உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் நிற்க முடியவில்லை. காவலாளி குத்துக்காலிட்டார். ஆயாம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். பெரிய மிஸ் மட்டும் நின்றுகொண்டிருந்தாள், ஆனால் சாவிக்கொத்தை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

நிலம் அமைதியானது. தூரத்தில் ஏதோ வண்டி போனது. மரத்தில் ஒரு குருவி, இத்தனை நேரமாக அங்கேயே இருந்ததோ என்னவோ, பேச ஆரம்பித்தது. சின்ன மிஸ் குழாயின் வாயையே பார்த்தாள். இடையிடையே, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, தண்ணீரையும் பார்த்தாள்.

காவலாளியின் சட்டைப்பையில் கைப்பேசி அலறியது. அவர் அதைப் பாம்பை அமுக்குவது போல இரண்டு கையாலும் அமுக்கினார். பெரிய மிஸ் பல்லைக் கடித்தாள். முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதாயிற்று. அம்மாவின் தோள் குலுங்கியது, ஆனால் சத்தம் வரவில்லை.

சின்ன மிஸ் தவளையின் முன்னால் மண்டியிட்டாள்.

"இப்ப கத்து கண்ணா," என்று கிசுகிசுத்தாள்.

தவளை மாட்டேன் என்று தலையை ஆட்டினான். கண்ணில் நீர் முட்டியது. "தொண்டை வலிக்குது மிஸ்."

"நான் கத்துறேன் மிஸ்," என்றான் அணில்.

"நீ அணில்டா," என்று எறும்பு அவன் தொடையில் அடித்தாள். "அணில் கத்தினா யாரும் வரமாட்டாங்க."

சின்ன மிஸ் துப்பட்டாவின் உலர்ந்த முனையால் தவளையின் மூக்கைத் துடைத்தாள். பலமாகச் சிந்தச் சொன்னாள், அவன் சிந்தினான். "உன்னாலதான்டா முடியும். எனக்காக வேண்டாம். அவளுக்காக."

அவன் நண்டின் அம்மாவைப் பார்த்தான். நாடாவைக் கடித்துக்கொண்டிருந்த அவள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பெரியவர்கள் கும்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை போல. பயந்துபோய் வாயைத் திறந்தான்.

"குவாக்."

ஒன்றுமில்லை.

"இன்னும்."

"குவா… குவாக். குவாக். குவாக்!" நடுவில் இருமல் வந்தது. இருமிவிட்டு மறுபடி கத்தினான். அவனுக்கே கொஞ்சம் ருசி தட்டிவிட்டது.

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. சின்ன மிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். போலீஸ், கயிறு, தண்ணீருக்குள் இறங்கும் ஆட்கள் என்று வரிசையாக வந்தது. அப்பாவின் முகம் வந்தது.

பிறகு குழாய்க்குள் ஏதோ உரசியது.

எலியாக இருக்கலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி உரசியது. எழுந்திருக்கப் போன அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். குழாயின் வாயில் முதலில் சேறு அப்பிய ஒரு கை வந்தது. பிறகு கசங்கிய அட்டை. பிறகு தலை.

"பெரிய மிருகம் போயிடுச்சா?" என்று கேட்டது நண்டு.

அம்மா பாய்ந்தாள். குழந்தையை இழுத்து, முதுகில் ஒரு அடி வைத்து, உடனே நெஞ்சோடு சேர்த்து அணைத்து, மறுபடி ஒரு அடி வைத்தாள்.

"கத்தினேனேடி! தொண்டை கிழியக் கத்தினேனே! காது கேக்கலயா உனக்கு?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்டி வரல?"

குழந்தை சின்ன மிஸ்ஸைப் பார்த்தது. பாடம் சரியாகச் சொன்னேனா என்று கேட்கும் பார்வை.

பெரிய மிஸ் முந்திக்கொண்டாள். "துறுதுறுன்னு இருக்குற புள்ளைங்க அப்படித்தாங்க. டீச்சர் சொன்ன பேச்சைக் கேக்காம ஓடிப்போய் ஒளிஞ்சுக்கிச்சு. நாங்களும் எவ்வளவுதான்…"

"இல்ல," என்றாள் சின்ன மிஸ்.

"நீ உள்ள போ."

"இல்ல மேடம். அவ சொன்ன பேச்சைக் கேட்டா. வகுப்புலேயே அவ ஒருத்திதான் முழுசாக் கேட்டா." அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். சேறு சொட்டச் சொட்ட நின்று, எதையும் குறைக்காமல் சொன்னாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராதே என்றது, அம்மா குரலில் கூப்பிட்டாலும் வராதே என்றது, ஆயாம்மா நகர்ந்ததைக் கவனிக்காமல் இருந்தது, எல்லாம். பெரிய மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளைக்கு வேலை இருக்காது என்பது அந்தத் திருப்பலிலேயே எழுதியிருந்தது.

அம்மா குழந்தையை இறக்கிவிட்டாள். கோபமாகப் பேசுவாள் என்று சின்ன மிஸ் காத்திருந்தாள். அது வந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"நான் வேலைக்குப் போறவ," என்றாள் அம்மா. "ரோட்டுல, கடையில, கூட்டத்துல என்கிட்ட இருக்குறது இந்தக் குரல் ஒண்ணுதான். கூப்பிட்டா வரும்னுதான் நிம்மதியா இருக்கேன். அதைப் போய்…" நிறுத்தினாள். "நீ சொல்லிக் கொடுத்ததை நீயே அழி. இப்பவே."

சின்ன மிஸ் மண்டியிட்டாள். "கண்ணு, நான் சொன்னது தப்பு. அம்மா கூப்பிட்டா உடனே வந்துடணும்."

"பொந்துல இருந்தாலுமா?"

"எங்க இருந்தாலும்."

"நீங்க தப்பு சொல்லுவீங்களா மிஸ்?"

"சொல்லிட்டேன்."

குழந்தை அதை நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது. ஒரு காலையில் இரண்டு பாடம், இரண்டும் அதே மிஸ்.

அம்மா மரத்தடி வரை நடந்து போனாள். அங்கே திரும்பி நின்று, மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சத்தம் போடாமல், வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவது போல.

நண்டு அசையவில்லை. சின்ன மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தது. போகவா என்று கேட்டது அந்தப் பார்வை.

தலையை ஆட்டிவிடத்தான் கழுத்து துடித்தது. ஆட்டினால் போய்விடும். ஆட்டினால் அது போவது மிஸ் சொன்னதற்காக. அம்மா கூப்பிட்டதற்காக அல்ல. மரத்தடியில் நின்றவளும் அதைப் புரிந்துகொண்டுதான் நின்றாள். அவள் உதடு இறுகியிருந்தது.

சின்ன மிஸ் எழுந்து, குழந்தைக்கு முதுகைக் காட்டிக் கால்வாய்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

இரண்டாம் முறை பெயர் கேட்டது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவள் இரண்டு கையையும் கோத்துப் பிசைந்தாள். நகங்கள் தோலில் இறங்கின.

மூன்றாம் முறை. இந்தத் தடவை அம்மாவின் குரல் நடுவில் உடைந்தது.

சேற்றுக்கால் ஒன்று மண்ணிலிருந்து பிரியும் சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டும் வேகமாக, மரத்தடிப் பக்கம்.